பாலக்காடு எல்லையில படிக்கிற நம்ம பிள்ளைங்க இன்ஜினியரிங், டிசைன், கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், சித்தூர், வாளையார்னு நம்ம பக்கத்துத் தமிழ் வீடுகள்ல மே மாசம் வந்தா ஒரே பேச்சுதான், பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு, இனி கோயமுத்தூர் பக்கம் போலாமா, இல்ல கேரளாவிலயே பாத்துக்கலாமான்னு. ஆனா அந்த நேரத்துல யோசிக்க ஆரம்பிச்சா ஏற்கனவே பாதி வழி அடைச்சுப் போயிருக்கும், சில பரீட்சைக்கு அப்ளிகேஷன் முந்தின அக்டோபர்லயே முடிஞ்சிருக்கும், சில சீட்டு நீங்க எட்டாங்கிளாஸ் எந்த மாநிலத்துல படிச்சீங்கன்றதைப் பொறுத்தே முடிவாகியிருக்கும். அதனால இதைப் பத்தாங்கிளாஸ் படிக்கும்போதே அப்பா அம்மாவோட உக்காந்து படிங்க. பிளஸ் ஒன்ல இருந்தாலும் சரி, இன்னும் டைம் இருக்கு.

முதல் வேலை: நீங்க எந்த மாநிலத்துக் கணக்குல வர்றீங்கன்னு பாருங்க

எல்லையில இருக்கிற நமக்கு இதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, கோர்ஸ் கூட அப்புறம்தான். ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க, ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் ரேஷன் கார்டுன்னு இருக்கிற குடும்பங்க நம்ம ஊர்ல நிறைய. ஆனா அட்மிஷன்னு வந்தா ரெண்டு மாநிலத்துக்கும் நான் சொந்தம்னு சொல்ல முடியாது.

கேரளத்துல இன்ஜினியரிங் சேர கீம்னு கேரள அரசு நடத்துற நுழைவுத்தேர்வு எழுதணும். அதுல கேரளாக்காரர்னு கணக்குல எடுக்க, எஸ்எஸ்எல்சி புக்லயோ பிறப்புச் சான்றிதழ்லயோ பிறந்த இடம் கேரளான்னு இருந்தா போதும், இல்லன்னா வில்லேஜ் ஆபீஸ்ல நேட்டிவிட்டி (இந்த மாநிலத்துக்காரர்னு சொல்ற சான்றிதழ்) வாங்கலாம். நீங்க தமிழ் மீடியமா, வீட்டுல தமிழ் பேசுறீங்களான்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அதை நினைச்சு யாரும் தயங்க வேண்டாம்.

தமிழ்நாட்டுல கதை வேற. அங்க 2007ல நுழைவுத்தேர்வை எடுத்துட்டாங்க, பிளஸ் டூ மார்க் வச்சு மட்டும்தான் கவுன்சிலிங். மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்கு கட் ஆஃப். இதைக் கேட்டதும் நம்ம ஆளுங்களுக்கு ஆசை வரும், எண்ட்ரன்ஸ் இல்லாம கோயமுத்தூர் ஜிசிடி காலேஜ்லயோ பிஎஸ்ஜி காலேஜ்லயோ சீட்டு கிடைக்குமேன்னு. ஆனா அந்தக் கவுன்சிலிங்குக்கு 8ல இருந்து 12 வரைக்கும் தமிழ்நாட்டுல படிச்சிருக்கணும், இல்லன்னா தமிழ்நாட்டு நேட்டிவிட்டி சான்றிதழ் வேணும். கேரளாவைச் சேர்ந்த பிள்ளை எட்டாங்கிளாஸ்ல இருந்தே பொள்ளாச்சிலயோ கோயமுத்தூர்லயோ படிச்சிருந்தா அப்ளை பண்ணலாம், ஆனா ஓப்பன் கேட்டகரி மட்டும்தான், ஜாதி இடஒதுக்கீடு கிடையாது. அங்க அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரை படிச்சவங்களுக்குத்தான், நம்ம சித்தூர் கவர்மெண்ட் ஸ்கூல் அதுல வராது.

இதுல நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிறது என்னன்னா, பத்தாவது வரைக்கும் இங்க படிக்க வச்சுட்டு, "அந்தப் பக்கம் சேத்தா தமிழ்நாட்டு கவுன்சிலிங் கிடைக்கும்"னு பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு மட்டும் கோயமுத்தூர் ஹாஸ்டல்ல போட்டுடறாங்க. அந்த ரெண்டு வருஷத்தால கவுன்சிலிங் தகுதி வராது. அதை நம்பி லட்சக்கணக்குல பீஸ் கட்டாதீங்க. அதே நேரம் அப்படிப் போனதால கீம் தகுதியும் போயிடாது, கேரளாக்காரர்னு பேப்பர் இருந்தா பிளஸ் டூ எங்க படிச்சிருந்தாலும் கீம் எழுதலாம்.

ஆனா என்ஐடி (மத்திய அரசோட நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) விஷயத்துல பிளஸ் டூ எங்க படிச்சீங்கன்றதுதான் எல்லாமே. ஒவ்வொரு என்ஐடியிலயும் பாதி சீட்டு அந்த மாநிலத்துக்காரங்களுக்கு, அந்த மாநிலம் எதுன்னு முடிவு பண்றது உங்க வீட்டு அட்ரஸ் இல்ல, பன்னெண்டாவது பாஸ் பண்ணின ஸ்கூல் இருக்கிற மாநிலம். கொழிஞ்சாம்பாறையில முடிச்சா உங்களுக்கு கோழிக்கோடு என்ஐடி ஹோம் ஸ்டேட், கோயமுத்தூர்ல முடிச்சா திருச்சி என்ஐடி. ஐஐடியில இந்தக் கணக்கே கிடையாது. நம்ம கஞ்சிக்கோட்டுல ஐஐடி இருக்கே, 2015ல ஆரம்பிச்சப்போ கோழிப்பாறை அகல்யா கேம்பஸ்லதானே நடந்துச்சு, உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு எதாவது சலுகை இருக்குமான்னு கேக்குறவங்க இன்னமும் இருக்காங்க, இல்லவே இல்ல, பாட்னாக்காரப் பையனுக்கும் நமக்கும் ஒரே ரேங்க் லிஸ்ட்தான்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ரெண்டு மாநிலத்துலயும் நேட்டிவிட்டி வாங்கித் தர்றேன்னு சொல்ற ஆளுங்ககிட்ட போகாதீங்க. சேர்ந்த பிறகு கண்டுபிடிச்சா சீட்டும் போகும், கேஸும் வரும், பிள்ளையோட வருஷமும் போகும்.

ரெண்டாவது: பேப்பர் எல்லாம் சரி பண்ணுங்க

இதைப் பிளஸ் ஒன் லீவுலயே முடிச்சிடணும். நம்ம தமிழ்ப் பேரும் இனிஷியலும் கேரள ஆபீஸ் பதிவுகள்ல ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி ஏறியிருக்கும். எஸ்எஸ்எல்சி புக்ல இனிஷியல் பேருக்குப் பின்னாடி, ஆதார்ல முன்னாடி, ரேஷன் கார்டுல அப்பா பேருல ஒரு எழுத்து கூடுதல்னு. அப்ளிகேஷன் போடும்போது இது இடிக்கும், சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல இன்னும் இடிக்கும். எஸ்எஸ்எல்சியில இருக்கிற மாதிரியே ஆதாரை மாத்துறது சுலபம். எஸ்எஸ்எல்சியிலயே தப்புன்னா ஸ்கூல் மூலமா பரீட்சா பவனுக்கு எழுதணும், அது இழுக்கும், அதனால சீக்கிரம் ஆரம்பிங்க.

அக்‌ஷயா சென்டர்ல இ டிஸ்ட்ரிக்ட் மூலமா போட வேண்டியது நேட்டிவிட்டி, ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிற்பட்ட வகுப்பா இருந்தா நான் கிரீமி லேயர் (பிற்பட்ட வகுப்புல வசதியானவங்க பிரிவுல வரலன்னு சொல்ற சான்றிதழ்). தமிழ்நாட்டுல பிசி, எம்பிசிக்கு கிரீமி லேயர் பார்க்கிறதில்ல, அங்க இருக்கிற சொந்தக்காரங்க சொல்றதைக் கேட்டு இதை விட்டுடாதீங்க, கேரளாவுல அது இல்லாம பிற்பட்டோர் ஒதுக்கீடு கிடைக்காது. இன்னொண்ணு, கீமுக்குக் கொடுக்கிற மாநில நான் கிரீமி லேயரும் ஜேஇஇக்கு (என்ஐடி, ஐஐடி சேர எழுதுற அகில இந்திய நுழைவுத்தேர்வு) கொடுக்கிற மத்திய அரசு ஓபிசி (பிற்பட்டோர்) சான்றிதழும் ஒண்ணு இல்ல, ஃபார்மே வேற. மத்திய சான்றிதழ் அந்த வருஷம் ஏப்ரல் 1ந்தேதிக்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும், உங்க ஜாதி கேரளாவுக்கான மத்திய ஓபிசி லிஸ்ட்ல இருக்கான்னும் பாக்கணும். எஸ்சி, எஸ்டி பிள்ளைங்களும் கவனிங்க, கேரளாவுல வாங்கின சான்றிதழ் தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது.

மூணாவது: எந்தப் பரீட்சை, எந்த மாசம்

பிளஸ் டூ ஆரம்பிச்ச ஜூன்லயே ஒரு காலண்டர்ல எழுதி அடுப்படிச் சுவத்துல ஒட்டிடுங்க. தேதி வருஷா வருஷம் கொஞ்சம் முன்ன பின்ன நகரும், ஆனா வரிசை பெருசா மாறாது.

அக்டோபர் வாக்குல ஐஐடிகள்ல டிசைன் படிக்க எழுதுற யூசீட் பரீட்சைக்கு அப்ளிகேஷன் ஓடும், என்ஐடி அகமதாபாத் குரூப்போட டிசைன் பரீட்சையும் அதை ஒட்டியே வரும் (இது நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன், கோழிக்கோடு என்ஐடி இல்ல, ரெண்டையும் குழப்பிக்கிறவங்க நிறைய). நவம்பர்ல ஜேஇஇ மெயின் ஜனவரி பரீட்சைக்கு அப்ளிகேஷன். வருஷம் பொறந்ததும் கீம் அப்ளிகேஷன் வரும். ஏப்ரல்ல ஜேஇஇ ரெண்டாவது தடவை. ரெண்டு தடவையும் எழுதுங்க, நல்ல மார்க்கைத்தான் எடுத்துக்குவாங்க.

தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு முக்கியமான தகவல் இது: ஜேஇஇ மெயின் 2021ல இருந்து தமிழ்லயும் நடக்குது. ஆனா தமிழ் கேள்வித்தாள் எடுத்தா சென்டர் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான்ல மட்டும்தான் கிடைக்கும், கேரளா சென்டர்ல இங்கிலீஷ் மாதிரி பொது மொழிகளோட மலையாளம்தான் உண்டு. நமக்கு அதுல கஷ்டமே இல்ல, கோயமுத்தூர் போட்டா காலைல பஸ் ஏறிப் போயிட்டு வந்துடலாம், பாலக்காடு சென்டர் போட்டு தமிழ் தேடினாதான் கிடைக்காது. கீம் இங்கிலீஷ்லதான். அதனால மேத்ஸ், பிசிக்ஸ் வார்த்தைங்களை இங்கிலீஷ்லயும் எழுதி எழுதிப் பழகணும், தமிழ்ல புரிஞ்சு வச்சிருக்கிறவங்களுக்கு அது ரெண்டு மாசத்து வேலைதான், பயப்படாதீங்க.

கீம் இப்போ கம்ப்யூட்டர்ல நடக்குது, 2024ல இருந்து. மூணு மணி நேரம், 150 கேள்வி, மேத்ஸ் 75, பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 30. சரியான பதிலுக்கு 4, தப்புக்கு 1 போகும். கேள்வியில பாதி மேத்ஸ்தான், அதனால படிக்கிற நேரத்துலயும் பாதி மேத்ஸுக்குக் கொடுங்க. பரீட்சை மார்க்கோட பிளஸ் டூ மார்க்கையும் சேர்த்துத்தான் ரேங்க் போடறாங்க, அதனால எண்ட்ரன்ஸ் கோச்சிங்குன்னு பிளஸ் டூவை விட்டுடக்கூடாது. வேற வேற போர்டு மார்க்கை எப்படி சமன் பண்றாங்கன்றது பெரிய சர்ச்சை, 2025ல அந்த முறையைக் கடைசி நேரத்துல மாத்தினது செல்லாதுன்னு கேரள ஹைகோர்ட் சொல்லி, வெளியிட்ட ரேங்க் லிஸ்ட்டை மாத்திப் புதுசா போட்டாங்க, நிறைய பேர் ரேங்க் மேல கீழ ஆச்சு. அதனால நீங்க எழுதுற வருஷத்து ப்ராஸ்பெக்டஸை நீங்களே படிங்க, போன வருஷம் எழுதின அண்ணன் சொல்றதை மட்டும் நம்பாதீங்க.

என்ஐடி, ஐஐடி போக பிளஸ் டூல 75 சதவீதம் வேணும் (இல்லன்னா அந்த போர்டுல முதல் 20 பெர்சன்டைல்ல இருக்கணும்), எஸ்சி, எஸ்டிக்கு 65. கொச்சி குசாட்டுக்கு (கொச்சின் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி யூனிவர்சிட்டி) தனியா கேட்னு ஒரு பரீட்சை. எட்டிமடை அமிர்தா மாதிரி டீம்டு யூனிவர்சிட்டிக்கு அவங்கவங்க எண்ட்ரன்ஸ், அங்க நேட்டிவிட்டி கேக்கமாட்டாங்க, ஆனா பீஸ் எவ்வளவுன்னு நாலு வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு அப்புறம் எழுதுங்க.

நாலாவது: பிராஞ்ச்

இங்கதான் நான் கொஞ்சம் நிறைய பேசப் போறேன், ஏன்னா எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான், ரேங்க் இருந்து விருப்பமும் இருந்தா தாராளமா எடுங்க. ஆனா இப்போ ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐஓடின்னு பத்து பேருல வருது. பேரைப் பாக்காதீங்க, சிலபஸை எடுத்துப் பாருங்க. டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், அதோட லீனியர் ஆல்ஜீப்ரா, பிராபபிலிட்டி இதெல்லாம் ஒழுங்கா இருக்கா? இருந்தா பேரு எதுவா இருந்தாலும் பரவாயில்ல. இதுல ரெண்டு மூணை எடுத்துட்டு ஏதோ ஒரு டூல் பேரைப் பாடமா வச்சிருந்தா யோசிங்க, டூல் நாலு வருஷத்துல மாறிடும். அந்த பிராஞ்சை எப்போ ஆரம்பிச்சாங்க, வாத்தியாருங்க அந்தப் பாடத்துல படிச்சவங்கதானா, இல்ல வேற டிபார்ட்மெண்ட்ல இருந்து மாத்தி விட்டவங்களான்னும் கேளுங்க.

நம்ம ஊருக்குன்னு யோசிச்சா எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் எதையும் இளக்காரமா பாக்கக்கூடாது. கஞ்சிக்கோட்டுல கனரக வண்டி செய்ற பெமல் இருக்கு, ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், தொழிற்பயிற்சிப் பள்ளி இல்ல) இருக்கு, பைப்ல ஓடுற திரவத்தை அளக்கிற கருவிகளைச் சோதிக்கிற எஃப்சிஆர்ஐ இருக்கு, அந்தப் பக்கம் கோயமுத்தூர்ல பம்ப், மோட்டார், ஃபவுண்டரி, டெக்ஸ்டைல் மெஷின்னு எத்தனை கம்பெனி. 2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 12 தொழில் நகரங்கள்ல பாலக்காடும் ஒண்ணு. எலக்ட்ரிக்கல் படிச்சிட்டு கோடிங்கும் தெரிஞ்ச பிள்ளைக்கு மெஷினுக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவுல இருக்கிற வேலை எல்லாம் திறக்குது. அகத்தேத்தறை என்எஸ்எஸ் காலேஜ்ல (1960ல ஆரம்பிச்சது, எய்டட், பீஸ் குறைவு) இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல்னு ஒரு பிராஞ்ச் இருக்கு, நம்ம ஆளுங்க அந்தப் பேரைக் கேட்டே இருக்கமாட்டாங்க. ஸ்ரீகிருஷ்ணபுரம் கவர்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜும் நம்ம மாவட்டம்தான். பணம் குறைவா இருக்கிற வீட்டுக்கு, தெரியாத பேருள்ள தனியார் காலேஜ் கம்ப்யூட்டர் சயின்ஸை விட இந்த ரெண்டுல கிடைக்கிற எலக்ட்ரிக்கல் பல மடங்கு நல்லது, இது என் உறுதியான கருத்து.

கெமிஸ்ட்ரி, பயாலஜி பிடிச்சவங்களுக்கு பயோடெக், கெமிக்கல் இருக்கு. கடல், கப்பல்னு ஆசை இருந்தா குசாட்ல நேவல் ஆர்க்கிடெக்சர் இருக்கு, அதை நடத்துற காலேஜ் நாட்டுல ரொம்பக் கம்மி.

அஞ்சாவது: டிசைன்

வரையுற பிள்ளையைப் பாத்து "படம் போட்டா சோறு கிடைக்குமா"ன்னு இன்னும் நம்ம வீடுகள்ல கேக்குறாங்க. போன் ஆப்போட ஸ்கிரீன்ல இருந்து மிக்ஸி மூடி வரைக்கும் யாரோ ஒருத்தர் உக்காந்து வடிவமைச்சதுதான், அந்த வேலைக்குப் படிப்பும் இருக்கு, சம்பளமும் இருக்கு. யூசீட் எழுத பிளஸ் டூல எந்த குரூப்பா இருந்தாலும் சரி, காமர்ஸ் படிச்சவங்களும் எழுதலாம், அதை வச்சு மும்பை, டெல்லி, கவுஹாத்தி, ஹைதராபாத் ஐஐடிகள்ல பி.டெஸ் (டிசைன் டிகிரி) சேரலாம். பரீட்சையில வரையிறது ஒரு பகுதிதான், மீதி கணக்கு, கவனிச்சுப் பாக்குற திறமை, ஒரு பொருளைத் திருப்பினா எப்படித் தெரியும்னு மனசுல பாக்குறது. ஃபேஷன், டெக்ஸ்டைல் பக்கம்னா நிஃப்ட், அதுக்கு கண்ணூர்லயும் சென்னையிலயும் கேம்பஸ் இருக்கு. கொல்லம் சந்தனத்தோப்புல கேரள அரசோட டிசைன் இன்ஸ்டிட்யூட் இருக்கு, கவர்மெண்ட் பீஸ்ல பி.டெஸ், அதுக்குத் தனி ஆப்டிட்யூட் டெஸ்ட்.

தயாராகுறதுக்கு கிளாஸ் தேடி அலைய வேண்டாம். ஒரு நோட்டு வாங்கி தினமும் ஒரு பொருளை வரைங்க, டீக்கடை பாய்லர், தென்னை மரம் ஏறுற மெஷின், பஸ் சீட்டு. வரைஞ்சிட்டு இதுல என்ன சிரமம், எப்படி மாத்தலாம்னு பக்கத்துல நாலு வரி எழுதுங்க. இன்டர்வியூ, சிச்சுவேஷன் டெஸ்ட் (கொடுத்த பொருளை வச்சு நேர்ல செஞ்சு காட்டுற தேர்வு) வரைக்கும் போனா இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும். பி.ஆர்க் (கட்டிட வடிவமைப்புப் படிப்பு) வேற, அதுக்கு நாட்டான்ற பரீட்சை எழுதி அந்த மார்க்கோட கீம் மூலமா போகணும்.

ஆறாவது: எண்ட்ரன்ஸ் சரியா வரலன்னா, இல்ல பத்தாவதோட வழி தேடினா

ஐஐடி மெட்ராஸ் 2020ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் பிஎஸ் டிகிரி இருக்கே, அதைப் பத்தி நம்ம பக்கம் போதிய அளவு யாரும் சொல்றதில்ல. ஜேஇஇ வேண்டாம். நாலு வாரம் ஆன்லைன்ல பாடம் நடத்தி, வாரா வாரம் அசைன்மெண்ட் கொடுத்து, கடைசியில ஒரு பரீட்சை வைப்பாங்க, அதுல பாஸானா சேர்ந்துக்கலாம். பாடம் ஆன்லைன், பரீட்சை மட்டும் சென்டருக்கு நேர்ல போய் எழுதணும். நடுவுல நிறுத்தினாலும் அதுவரைக்கும் முடிச்சதுக்கு சர்டிபிகேட், டிப்ளமான்னு கிடைக்கும். வருமானம் குறைவா இருக்கிற வீட்டுக்கு பீஸ் சலுகையும் உண்டு. சித்தூர் காலேஜ்ல ஒரு பிஎஸ்சி படிச்சுக்கிட்டே இதையும் படிக்கலாம், ஆனா சுலபம்னு நினைச்சு சேராதீங்க, வாரத்துக்கு நிறைய நேரம் கேக்கும், மேத்ஸும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் நிஜமாவே படிக்கணும்.

பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணு வருஷம் படிச்சு எம்சிஏ போறதும் நல்ல வழிதான். திருவனந்தபுரத்துல இருக்கிற கேரள டிஜிட்டல் யூனிவர்சிட்டியில முக்கியமா முதுகலைப் படிப்புதான், அதனால அதை டிகிரிக்கு அப்புறம் போற இடமா மனசுல வச்சுக்கோங்க.

பத்தாவதோட கை வேலையில ஆர்வம் இருக்கிற பிள்ளைக்கு பாலிடெக்னிக் ரொம்ப நல்லது. கொடும்புல கவர்மெண்ட் பாலிடெக்னிக் இருக்கு, எஸ்எஸ்எல்சி மார்க் வச்சு சீட்டு, மூணு வருஷம் முடிச்சா லேட்டரல் எண்ட்ரியில (முதல் வருஷம் படிக்காம) நேரா பி.டெக் ரெண்டாம் வருஷம் போலாம். லேப்ல கை வச்சுப் பழகினவங்களுக்கு பி.டெக்கும் நல்லா புரியும்.

ஏழாவது: காலேஜை எப்படி எடை போடறது

கோயமுத்தூர் ரோட்டு ஃப்ளெக்ஸ்ல போட்டிருக்கிற "அதிகபட்ச சம்பளம்" ஒருத்தருக்குக் கிடைச்சது. நீங்க பாக்க வேண்டியது மீடியன் சம்பளம், அதாவது நடுவுல இருக்கிற பிள்ளைக்கு என்ன கிடைச்சதுன்னு. என்ஐஆர்எஃப்ல (மத்திய அரசோட காலேஜ் தரவரிசை) கலந்துக்கிற காலேஜுங்க எத்தனை பேர் பாஸானாங்க, எத்தனை பேருக்கு வேலை, மீடியன் எவ்வளவுன்னு கொடுத்திருப்பாங்க, பொதுவுல யாரும் பாக்கலாம். ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கு அனுமதி கொடுக்கிற மத்திய அமைப்பு) அப்ரூவல் அந்த வருஷத்துக்கு இருக்கான்னு பாருங்க. அந்த பிராஞ்சுக்கு என்பிஏ (படிப்போட தரத்துக்கான அங்கீகாரம்) இருந்தா நல்லது. அப்புறம் ஒரு நாள் நேர்ல போங்க, ஆபீஸ்ல உக்கார வச்சு காபி கொடுக்கிறவங்களை விட்டுட்டு, கேன்டீன்ல ஃபைனல் இயர் பிள்ளைங்ககிட்ட கேளுங்க, அரியர் எவ்வளவு பேருக்கு இருக்கு, லேப்ல ஒரு மெஷினுக்கு எத்தனை பேர், ஹாஸ்டல் தண்ணி எப்படின்னு. பத்து நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிடும். கமிஷனுக்கு சீட்டு புடிச்சுத் தர்ற ஏஜெண்டுகிட்ட ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்துடாதீங்க.

எட்டாவது: ஆப்ஷன் போடறது

கீம்ல ரேங்க் வந்த பிறகு ஆப்ஷன் வரிசை கொடுக்கணும். மனசுக்கு எது முதல்ல பிடிக்குதோ அதை முதல்ல போடுங்க, நம்ம ரேங்குக்குக் கிடைக்காதுன்னு கீழ தள்ளாதீங்க, மேல போட்டதால நஷ்டமே இல்ல. ஒண்ணு கிடைச்சதுன்னா அதுக்குக் கீழ இருக்கிற ஆப்ஷன் எல்லாம் தானா போயிடும், மேல இருக்கிறது அடுத்த ரவுண்டுக்கு உயிரோட இருக்கும். கிடைச்ச சீட்டுக்கு சொன்ன தேதிக்குள்ள பீஸ் கட்டலன்னா அதுவும் போகும், மேல இருக்கிறதும் போகும், அதனால பணத்தை முன்கூட்டியே தயாரா வச்சுக்கணும். கிடைச்சதே போதும்னு தோணினா மேல இருக்கிறதை அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி நீங்களே எடுத்துடணும், இல்லன்னா மாத்தி விட்டுடுவாங்க. என்ஐடி, ஐஐடி கவுன்சிலிங்ல ஃப்ரீஸ்னா இதுவே போதும், ஸ்லைடுன்னா இதே காலேஜ்ல நல்ல பிராஞ்ச் வந்தா போறேன், ஃப்ளோட்னா எந்தக் காலேஜா இருந்தாலும் மேல போறேன்னு அர்த்தம்.

ஒன்பதாவது: பணமும் சேருற நாளும்

எஸ்சி, எஸ்டி, ஓஇசி (கேரளா அரசு தகுதியுள்ளதா சேர்த்த மற்ற சமூகங்கள்) பிள்ளைங்களுக்கு கேரளாவுல இ கிராண்ட்ஸ்னு கல்வி உதவித்தொகை இருக்கு. பொண்ணுங்களுக்கு ஏஐசிடிஇ பிரகதி ஸ்காலர்ஷிப், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா வருஷம் 50,000, ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் கேட்டுப் பாக்கலாம். ஐஐடி, என்ஐடில எஸ்சி, எஸ்டிக்கு டியூஷன் பீஸ் கிடையாது, வருமானம் ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா யாருக்குமே கிடையாது, 5 லட்சத்துக்குள்ளன்னா மூணுல ஒரு பங்கு கட்டினா போதும். பீஸைப் பாத்து பயந்து அப்ளை பண்ணாமலே விடற வீட்டுக்காரங்க இதைத் திரும்ப ஒரு தடவை படிங்க. தமிழ்நாட்டு முதல் பட்டதாரி சலுகை மட்டும் நம்ம கேரளா பேப்பருக்குக் கிடைக்காது.

சேர்ந்த பிறகு முதல் வருஷம் இங்கிலீஷ்ல தடுமாறினா ஏஐசிடிஇ தமிழ்ல போட்டிருக்கிற பாடப்புத்தகங்க இ கும்ப் தளத்துல இலவசமா இருக்கு, இறக்கிப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க. ஒரு காலேஜ்ல சேர்ந்துட்டு அப்புறம் நல்ல இடம் கிடைச்சு மாறணும்னா, ஏஐசிடிஇ சொல்ற கடைசித் தேதிக்குள்ள எழுத்துல கேன்சல் கேட்டா அதிகபட்சம் 1,000 ரூபா பிடிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பித் தரணும், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வச்சுக்கக்கூடாது. தர மாட்டேன்னு சொன்னா வாய்ல சண்டை போடாதீங்க, கேன்சல் லெட்டர் காப்பியில தேதியோட சீல் வாங்கி வச்சுக்கிட்டு ஏஐசிடிஇக்கு ஆன்லைன்ல கம்ப்ளெயிண்ட் போடுங்க.